முதலில் பார்த்தவர், பிறகு பார்த்தவர்: ஒரு முன்கதைப் படத்துக்கு ரசிகர் சொன்ன பதில்கள்

1999 மே 19 அன்று ஐக்கிய அமெரிக்காவில் ‘ஸ்டார் வோர்ஸ்’ வரிசையின் நான்காவது படம் திரைக்கு வந்தது. எடுத்த வரிசையில் நான்காவது. கதை வரிசையில் முதலாவது. ‘த ஃபாண்டம் மெனஸ்’ என்ற அந்தப் படத்தைச் சுற்றி எழுந்த சண்டை முழுதாக ஓய இருபது வருடத்துக்கு மேல் எடுத்தது. ஒரு படத்தைப் பற்றிய ரசிகர் கருத்து எப்படிப் பிறக்கிறது, எப்படி முற்றுகிறது, எப்படித் திரும்புகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கும்போது இதில் இன்னொரு விளைச்சலும் உண்டு. அந்தப் படத்துக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நாம் இருக்கவில்லை. அதனால் காத்திருப்பு ஒரு ரசிகனுக்கு என்ன செய்கிறது என்பதை விலகி நின்று பார்க்க முடிகிறது.

காத்திருப்பின் கணக்கு

மூலப் படங்கள் மூன்றும் 1977, 1980, 1983 ஆகிய வருடங்களில் வந்தவை. பிறகு 16 வருட இடைவெளி. இந்த வரிசையை உருவாக்கிய ஜோர்ஜ் லூகாஸ் தானே இயக்கிய படம் என்று பார்த்தால் இடைவெளி 22 வருடம். மூலப் படங்களில் இரண்டாவதையும் மூன்றாவதையும் வேறு இருவர் இயக்கினார்கள். 1977இல் பத்து வயதுப் பிள்ளையாகப் படம் பார்த்தவருக்கு 1999இல் 32 வயது. அவர் தியேட்டருக்குக் கொண்டுபோனது ஒரேயொரு கேள்வி: மூலப் படங்களின் கொடிய வில்லன் டார்த் வேடர் எப்படி அப்படி ஆனான்?

1998 நவம்பரில் முன்னோட்டம் வெளியானபோது, அது காட்டப்படும் வேறு படங்களுக்குச் சீட்டு எடுத்து, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் பலர். 1999 மே 3 நள்ளிரவில் பொம்மைக் கடைகள் கதவு திறந்தன. படத்தைக் காணும் முன்பே படத்தின் பாத்திரங்கள் பிள்ளைகளின் கையில் இருந்தன.

ஆனால் நம்பிக்கையில் கீறல் அதற்கு முன்பே விழுந்துவிட்டது. 1997இல் மூலப் படங்கள் மூன்றையும் லூகாஸ் திருத்தி மீண்டும் வெளியிட்டார். மதுச்சாலைக் காட்சியில் கடத்தல்காரன் ஹான் சோலோ எதிரியை முந்திச் சுட்டிருந்தான். திருத்திய பதிப்பில் எதிரி முதலில் சுடுகிறான். ஒரு நொடிதான். ஆனால் ஹான் எப்படிப்பட்டவன் என்பது அந்த நொடியில்தான் இருந்தது. 1999இன் கோபத்தை அந்த வருடத்தில் இருந்து கணக்கெடுப்பவர்கள் இந்த இரண்டு வருடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு உண்மையையும் இங்கே வைக்க வேண்டும். வெளியான நாட்களில் அமெரிக்கத் தியேட்டர் வாசல்களில் பார்வையாளரிடம் எடுத்த சினிமாஸ்கோர் கணிப்பில் படத்துக்குக் கிடைத்தது ‘ஏ மைனஸ்’. முதல் சுற்றிலேயே உலகளவில் 924 மில்லியன் டொலர் வசூல். செலவு 115 மில்லியன். ஆக, எல்லோரும் முதல் நாளே வெறுத்தார்கள் என்ற கதை பிழை. முதலில் வந்தது பரவசம். வெறுப்பு பிறகு, பேசப் பேச உறைந்தது. ஆசையோடு பார்த்ததை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் மனம் கணக்குக் கேட்கும்.

குறைகள், ஒவ்வொன்றாக

ரசிகர்களின் முறைப்பாடுகளை ஒரே குவியலாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. அவை வேறு வேறு சாதி.

முதலாவது, முன்சொன்னதோடு முரண்படுதல். 1980 படத்தில் ஓபி-வான் என்ற ஜெடை வீரனின் ஆவி, தனக்குக் கற்பித்த குரு யோடா என்கிறது. 1999 படத்தில் அவனுடைய குரு குவை-கொன். 1983 படத்தில் ஓபி-வான், தான் முதலில் கண்டபோதே, பின்னால் வேடராகும் அனகின் பெரிய விமானி என்கிறான். புதிய படத்தில் அனகின் ஒன்பது வயதுச் சிறுவன். இவற்றுக்குச் சமாதானம் சொல்லலாம், சொன்னார்கள். சிறுவன் ஓட்டப்பந்தய வண்டி ஓட்டுகிறானே, அவனும் விமானிதானே என்று. ரசிகர் ஒருவர் படைப்பாளியின் சார்பில் வழக்காடத் தொடங்கினால் அங்கே ஏதோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, உலகம் சுருங்கிப் போதல். மூலப் படங்களில் வரும் சி-3பிஓ என்ற இயந்திர மனிதனைச் செய்ததே சிறுவன் அனகின்தான் என்கிறது முன்கதை. பெரிய அண்டம் ஒன்று ஒரு குடும்பத்தின் முற்றமாகிவிடுகிறது. முன்கதை எழுதுகிறவர் எவரும் விழுகிற கிணறு இது. தெரிந்த பொருளைக் காட்டினால் ரசிகன் மகிழ்வான் என்று நம்பி, தெரியாத இடங்களை எல்லாம் மூடிவிடுவது.

மூன்றாவதுதான் ஆழமானது. இதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

பாலைவனக் கிரகத்தில் ஓர் இரவு. வீட்டு மாடத்தில் சிறுவன் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறான். அவன் கையில் ஒரு சிறு வெட்டு. குவை-கொன் காயத்தைத் துடைக்கும் சாக்கில் ஒரு துளி இரத்தம் எடுக்கிறார். கப்பலில் இருக்கும் ஓபி-வானுக்குக் கருவி மூலம் அனுப்பி, மிடிகுளோரியன் எண்ணிக்கை கேட்கிறார். பதில் வருகிறது: இருபதாயிரத்துக்கு மேல், யோடாவுக்குக்கூட இவ்வளவு இல்லை. பிறகு தலைநகரில், உயிரணுக்களுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் அவை என்றும், அவற்றின் வழியாகத்தான் ஜெடை வீரர்கள் பயிலும் ‘ஃபோர்ஸ்’ என்ற பேராற்றலின் விருப்பம் தெரியவருகிறது என்றும் சிறுவனுக்கு விளக்கம் சொல்லப்படுகிறது.

இதே வரிசையின் 1980 படத்தில், சதுப்பு நிலத்தில் யோடா தன் மாணவனான நாயகன் லூக்கின் தோளைக் கிள்ளி, நாம் இந்தப் பச்சைச் சதை அல்ல, ஒளியாலான உயிர்கள் என்கிறார். அந்தக் கிள்ளலை மனதில் வைத்திருந்தவருக்கு இரத்தப் பரிசோதனை அடி விழுந்த மாதிரி இருந்தது.

சைவ சித்தாந்தம் காதில் விழுந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கோபத்தை விளக்கத் தேவையில்லை. அளவிடுதல் என்பதே நமக்கு அந்நியமானதல்ல. உயிரில் இறையருள் பதிவதாகிய சத்திநிபாதத்தை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காக வகுத்தவர்கள் நம்மவர்கள்தான். ஆனால் அந்த வேறுபாடு உயிரின் பக்குவத்தில் இருக்கிறது, இரத்தத்தில் இல்லை. பக்குவம் வரவேண்டியது, வரக்கூடியது. இரத்தத்தில் இருப்பது பிறந்தபோதே முடிந்துபோன கணக்கு. எவனும் பயின்று ஏறலாம் என்றிருந்த கதவை அந்த ஒரு துளி சாத்திவிட்டது. அங்கேதான் அந்த ரசிகர்களின் வலி. விஞ்ஞானம் புகுந்தது குற்றமல்ல.

ஜார் ஜார்

படத்தின் கோமாளிப் பாத்திரமான ஜார் ஜார் பிங்ஸ், முழுக்கக் கணனியில் வரையப்பட்டு மனித நடிகர்களோடு முக்கிய பாத்திரமாக நடமாடிய முன்னோடிகளில் ஒன்று. படப்பிடிப்புத் தளத்தில் அகமட் பெஸ்ட் என்ற நடிகர் வேடம் பூண்டு நடித்தார். அவருடைய நடையும் குரலும்தான் அந்தப் பாத்திரம். அதன் பேச்சு கரீபிய மக்களின் ஆங்கிலத்தைக் கேலி செய்கிறது என்றும், படத்தின் எதிரிகளான வணிகக் கூட்டமைப்பினரின் உச்சரிப்பு கிழக்காசியரைப் போல ஒலிக்கிறது என்றும் அன்றே கண்டனம் எழுந்தது. தமிழகப் படங்களில் நமது பேச்சு சிரிப்புக்காக மட்டும் எடுக்கப்படும்போது யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் இந்தக் கண்டனத்தை மிகையென்று தள்ளமாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கதிரையில் நெளிவார்கள், இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கலாம்.

ஆனால் கண்டனம் பாத்திரத்தோடு நிற்கவில்லை. ஆளின் மீது பாய்ந்தது. அந்த நாட்களில் உயிரை விட்டுவிடும் நிலைக்கே தள்ளப்பட்டதாக அகமட் பெஸ்ட் 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். சிறுவனாக நடித்த ஜேக் லொயிட் 2001இல் நடிப்பை விட்டே போனார். ரசிகர் எதிர்வினை என்று நாம் எழுதும்போது இது நடுவில் நிற்க வேண்டிய செய்தி. படத்தின் எழுத்து பிழையென்றால் எழுதியவரிடம் கேட்கலாம். கொடுத்த வசனத்தைப் பேசிய எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்க எதுவுமில்லை.

கத்தரிக்கோல் எடுத்தவர்கள்

ரசிகர்களின் பதில் வெறும் வசவாக நிற்காமல் வேலையாகவும் மாறியது. 2000ஆம் ஆண்டு, மைக் ஜே. நிக்கல்ஸ் என்ற படத்தொகுப்பாளர் படத்தைத் தானே வெட்டி ஒரு பதிப்பு செய்தார். ஏறக்குறைய 20 நிமிடம் குறைந்தது. ஜார் ஜாரின் சேட்டைகள், மிடிகுளோரியன் பேச்சு, திரும்பத் திரும்ப வரும் விளக்கங்கள் எல்லாம் போயின. ஒளிநாடாவில் கைமாறிப் பரவிய அந்தப் பதிப்பு, ரசிகர் தொகுப்பு என்ற வழக்கத்தையே பெரிதாக்கியது.

2011இல் ரொட் ஹில்டன் என்பவர் பார்க்கும் வரிசையையே மாற்றிச் சொன்னார்: 4, 5, 2, 3, 6. கதை வரிசை எண்ணில் 4, 5, 6 மூலப் படங்கள்; 1, 2, 3 முன்கதைப் படங்கள். வேடர்தான் லூக்கின் தந்தை என்று ஐந்தாவதில் வரும் இரகசியம் கெடாது; அடுத்து முன்கதை நினைவலையாக வரும்; பிறகு முடிவு. முதலாம் பாகம் பட்டியலிலேயே இல்லை. ஒரு ரசிகர் கொடுத்த மிகக் கடுமையான தீர்ப்பு இதுதான்: இந்தப் படம் இல்லாமலே கதை குறையவில்லை. அதை நாம் முழுதாக ஏற்கவில்லை. காரணம் கீழே வருகிறது.

முற்றுகையில் இருந்தவர்கள் முற்றுகைப் படம் பார்த்தால்

அமெரிக்க ரசிகர்கள் ஒருமித்துச் சலித்துக்கொண்டது படத்தின் முதல் வரிகளைப் பார்த்துத்தான். வணிகப் பாதைகளுக்கு வரி, அதில் தகராறு, அதன் பேரில் நபூ என்ற சிறு கிரகத்தைச் சுற்றிக் கப்பல்களை நிறுத்தி முற்றுகை. விண்வெளிப் படத்தில் வரி எதற்கு என்று கேட்டார்கள்.

1990களில் குடாநாட்டில் இருந்தவருக்கு அது சலிப்பான விடயமே அல்ல. பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பெயர் சொல்லித் தெரிந்த தலைமுறை அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். மண்ணெண்ணெயில் ஓட்டிய ஜெனரேட்டரில் டெக்கும் தொலைக்காட்சியும் வைத்துப் படம் பார்த்த காலம். முற்றுகைக்குள் இருக்கும் ஊர் என்று திரையில் எழுத்து ஓடினால் அவர்களுக்கு முதுகு நிமிரும்.

நிமிர்ந்த முதுகு பத்து நிமிடத்தில் சாய்ந்துவிடும் என்பதுதான் படத்தின் உண்மையான குறை. முற்றுகையிட்ட ஊரில் ஓர் அடுப்படியைக்கூடப் படம் காட்டுவதில்லை. ஒரு வெறும் கடை இல்லை, ஒரு வரிசை இல்லை, மருந்து தேடும் ஒரு தாய் இல்லை. மக்கள் பெருந்தொகையாகச் சாகிறார்கள் என்று ஆளுநர் ஒளியுருவில் வந்து சொல்கிறார்; அதையும் பொறியாக இருக்கலாம் என்று கேட்பவர்கள் சந்தேகிக்கிறார்கள். திரையில் காண்பது பளிங்கு மாளிகையும் அரசியின் உடைகளும். அரசியல் அதிகம் என்று குறை சொன்னவர்கள் தவறான இடத்தில் கை வைத்தார்கள். அரசியல் எவர் வயிற்றைத் தொட்டதோ அவரைக் காட்டாததுதான் குறை.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முற்றுகையைக் காரணம் காட்டி, சபையில் நம்பிக்கையில்லாப் பிரேரணையை அரசியின் வாயாலேயே கொண்டுவரச் செய்து, பின்னால் பேரரசனாகும் செனட்டர் பல்பட்டீன் தலைமைப் பதவிக்கு ஏறும் விதம் மிகத் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. சட்டத்தை மீறாமல் சட்டத்தாலேயே ஒரு குடியரசு கவிழ்வது. வேடர் எப்படி ஆனான் என்று கேட்டு வந்தவர்களுக்கு, பேரரசு எப்படி ஆனது என்று படம் பதில் சொன்னது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. 1999இன் ஏமாற்றத்தில் பெரும்பங்கு இதுதான் என்பது எமது துணிபு. முதலாம் பாகத்தைத் தள்ளிவிட்டால் இந்தப் பதிலின் அத்திவாரம் போய்விடும்.

பின்னே சொல்லப்படும் முன்கதை

முன்கதையைப் பின்னால் சொல்வது நமக்குப் புதிதல்ல. கோயிலில் கந்தபுராண படனம் கேட்டவர் அறிவார். ஆறு காண்டங்களில் கடைசியானது தட்ச காண்டம். சூரபன்மனை வென்று போர் முடிந்த பிறகுதான், தேவர்கள் ஏன் அவ்வளவு துன்பப்பட்டார்கள் என்பதற்குத் தக்கன் வேள்வி காரணமாக வந்து நிற்கிறது. அதுபோல முருகன் பிறந்த உற்பத்தி காண்டத்துக்குப் பின்னே வரும் அசுர காண்டம்தான் காசிபன், மாயை என்று பின்னோக்கிப் போய்ச் சூரனின் பிறப்பையும் தவத்தையும் 108 யுகம் 1008 அண்டம் ஆளும் வரத்தையும் சொல்கிறது.

ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்லும் அந்த மண்டபத்தில் எவரும், முடிவு தெரிந்த பிறகு இது எதற்கு என்று கேட்பதில்லை. காரணம், பின்னால் சொன்ன முன்கதை போரின் பாரத்தைக் கூட்டுகிறது. சூரனின் தவத்தைக் கேட்ட பிறகு அவன் வீழ்ச்சி இன்னும் பெரிதாகிறது. தேவர்கள் வெறும் அப்பாவிகள் அல்லர் என்றும் தெரிகிறது. மிடிகுளோரியன் நேர்மாறு, அதைக் கேட்ட பிறகு பழைய அதிசயம் சிறுக்கிறது. ஒரு முன்கதையை நிறுத்துப் பார்க்க இந்தத் தராசு போதும்.

2012இல் வந்த ‘ப்ரொமிதியஸ்’ படத்தையும் இதில் வைக்கலாம். அது எதற்கு முன்கதையோ அந்த 1979 ‘ஏலியன்’ படத்தில் கைவிடப்பட்ட கப்பலின் இருக்கையோடு சேர்ந்து வளர்ந்தது போலக் கல்லாகிக் கிடந்தது ஒரு பேருருவம். அதைப் பெரிதாகக் காட்ட, இயக்குநர் ரிட்லி ஸ்கொட் தன் பிள்ளைகளுக்குச் சிறிய விண்வெளி உடை போட்டு நிறுத்திப் படமெடுத்தார். 33 வருடம் கழித்து அவரே எடுத்த முன்கதையில் அது வெறும் கவசம், உள்ளே மனிதனைப் போன்ற ஒருவன். பதில் கிடைத்தது, உருவம் சிறுத்தது. அந்தப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும் விஞ்ஞானிகளையும், வழியை அளந்தவனே வழி தவறுவதையும் ரசிகர்கள் திட்டியது தனிக் கதை.

எண் 1 என்று போட்ட தட்டு

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. அதன் பின் இறுவட்டில் இந்த வரிசையைச் சந்தித்த ஒருவர், ஒன்று என்று எழுதிய தட்டை முதலில் போடுவதுதான் இயல்பு. அவருக்குச் சிறுவன் அனகின் அறிமுகமில்லாத பிள்ளை. முரண்பட முந்திய வசனம் எதுவும் இல்லை. ரொறொன்ரோவிலோ லண்டனிலோ 1999இல் தியேட்டரில் பார்த்த மைத்துனர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, அந்தப் படத்தைப் போய் நல்லதென்கிறாயா என்று கேட்டால், இருவரும் இரண்டு படங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகெங்கும் நடந்த திருப்பமும் இதே வழியில்தான் வந்தது. 1999இல் பிள்ளைகளாக இருந்தவர்கள் வளர்ந்து பேசத் தொடங்கினார்கள். 2008இல் தொடங்கிய ‘குளோன் வோர்ஸ்’ அசையும்படத் தொடர் அனகினுக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்தது. 2019 ஏப்ரலில் சிக்காகோ ரசிகர் விழாவில் அகமட் பெஸ்ட் மேடையேறியபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 2023இல் ‘த மண்டலோரியன்’ தொடரில் அவர் ஜெடை வீரனாகவே வந்தார். 2024 மேயில் படம் மீண்டும் திரையரங்குகளுக்குப் போனது.

வாசிகசாலையில் செய்து பார்க்க

பார்க்கும் வரிசை கருத்தை மாற்றுகிறதா என்று அறிய ஒரு வாசிகசாலையோ பாடசாலைக் கழகமோ போதும். இந்த வரிசையை முன்பு பார்க்காத 12 முதல் 16 பேரை இரண்டு குழுவாக்குங்கள். முதற்குழு 4, 5, 6 பார்த்துவிட்டு 1க்கு வரவேண்டும். மற்றக் குழு நேரே 1. மூலப் படங்கள் 121, 124, 131 நிமிடம். மொத்தம் 6 மணி 16 நிமிடம். ஒரே நாளில் ஓட்டினால் நீங்கள் அளப்பது களைப்பை. வாரத்துக்கு ஒன்று சரி.

பதிப்பில்தான் அதிகம் பிழைக்கும். 2004இல் வந்த டிவிடியில் ஆறாம் பாகத்தின் முடிவில் தோன்றும் அனகினின் ஆவிக்கு, முன்கதையில் நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனின் உருவம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தவர் 1983இன் ரசிகர் நிலையில் இல்லை. 2006 செப்டெம்பரில் வந்த டிவிடியின் இரண்டாவது தட்டில் பழைய தியேட்டர் பதிப்பு உண்டு, அதையே எடுங்கள். அது பழைய முறை அகலப்படம் என்பதால் புரொஜெக்டரில் நான்கு புறமும் கறுப்பு விழுந்து படம் சிறிதாகத் தெரியும். லென்ஸைப் பெரிதாக்கி நிரப்பலாம், கூர்மை கொஞ்சம் குறையும். 10 அடி அகலத் திரையில் படத்தின் உயரம் 4 அடி 2 அங்குலம்தான் வரும். முன்வரிசையை மிகவும் தள்ளிப் போடவேண்டாம். 650 விஏ யூபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும். மின்சாரம் நின்றால் புரொஜெக்டரின் விளக்கு குளிர்ந்து அணைய அது போதும். படத்தைத் தொடர அல்ல.

படம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒரு துண்டில் ஒரு கேள்வி எழுத வேண்டும்: இந்தப் படத்தில் எதை அறிய விரும்புகிறீர்கள்? இந்தத் துண்டுதான் முழு முயற்சியின் சாவி. படம் முடிந்ததும் அதன் பின்புறத்தில் பதில் கிடைத்ததா என்று எழுதுவிக்கலாம். எத்தனை நட்சத்திரம் என்று கேட்க வேண்டாம்; நட்சத்திரம் கேட்டால் பக்கத்துக் கதிரையைப் பார்த்து எழுதுவார்கள். பேச்சு எழுதி முடித்த பிறகுதான்.

தமிழ் வசனவரி செய்வதானால் இரண்டு இடத்தில் கவனம். பேராற்றலுக்குச் ‘சக்தி’ என்று போட்டால் நம் பார்வையாளர் அம்பாளை நினைப்பார். ‘விசை’ என்றால் பௌதிகப் பாடம். ‘ஆற்றல்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஜார் ஜாரின் பேச்சுக்கு எந்த ஊர்த் தமிழையும் எடுக்க வேண்டாம். மலையகமோ மட்டக்களப்போ தீவகமோ எதை எடுத்தாலும் 1999இன் குற்றத்தை இங்கே திரும்பச் செய்வதாகும். வினைமுற்றுகளைக் குழப்பினால் போதும்.

கடைசியாக ஒன்று, காதுக்கு. ஜோன் வில்லியம்ஸின் இசையில் வாள்சண்டைக்கு வரும் கூட்டுப்பாடல் சமஸ்கிருதச் சொற்கள். ஆனால் அசைகளை ஒலிக்காகப் பிய்த்து அடுக்கியதால் தேவாரத்துக்கும் மந்திரத்துக்கும் பழகிய காதுக்கும் பிடிபடாது. அதைவிட முக்கியம் முடிவு ஊர்வலம். சிறுவர் குரலில் கொண்டாட்டமாக ஒலிக்கும் அந்தப் பாட்டை எல்லோரும் கண்ணை மூடிக் கேட்கட்டும். உடனே 1983 படத்தில் கொடிய பேரரசன் வரும்போது ஒலிக்கும் மெட்டைப் போடுங்கள். அதே மெட்டு, மைனரில் இருந்ததை மேஜராக்கி, வேகமாக்கிப் பிள்ளைகளைப் பாட வைத்திருக்கிறார். பிறகு ஊர்வலத்தை இன்னொரு முறை ஓட்டுங்கள். மேடையில் பல்பட்டீன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.